சட்டமும் வேதமா?

சட்டம் தெரியாது என்பது குற்றத்திற்குச் சமாதானமாகாதென்று சர்க்கார்கள் சொல்லுகின்றன. அப்படியானால் அதை ஏழை படிக்க வழி வேண்டாமா?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாண சர்க்கார், குறிப்புகளோடு கூடிய தன் சட்டத் தொகுப்புக்குப் பதிப்புரிமை கொண்டாடிற்று. அப்போது அதன் விலை 412 டாலர். அதை எவரும் படிக்கும்படி இணையத்தில் போட்டதற்காகக் கார்ல் மலமூட் என்பவரின் ஸ்தாபனத்தின்மீது 2015ல் வழக்கும் தொடுத்தது.

மூலம் இனாமாகக் கிடைக்கிறதே என்பார்கள். எந்தச் சட்டத்தைக் கோர்ட்டு செல்லாதென்றது என்பது குறிப்பில்தானே இருக்கிறது! காசில்லாதவன் செத்த சட்டத்தைப் படிப்பதா?

2020ல் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் 9 பேரில் 5 பேர், சட்டம் செய்கிறவர்கள் அதற்குப் பதிப்புரிமை கொண்டாட முடியாதென்று தீர்ப்பளித்தார்கள்.

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன புத்திக்கும் இந்தப் புத்திக்கும் என்ன பேதம்? நூலாசிரியனின் கூலியை நாம் மறுக்கவில்லை. ஊரைக் கட்டுப்படுத்தும் எழுத்து ஊருக்கே சொந்தம் என்கிறோம்.