சைலன்சரில் ஓட்டை போட்டு வாங்கிய பவர்

செண்பகத்தோப்பு ரோட்டில் என் அக்கா மகனுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. தென்னையும் மாவும் கலந்தது. காய்ப்பு நின்றுபோன தென்னை ஏழெட்டை வெட்டப் போகிறேன், வந்து பாருங்கள் மாமா என்று கூப்பிட்டான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ரிட்டயர்டு ஆனவனுக்கு வேறென்ன வேலை? பஸ் ஏறிப் போனேன்.

தோப்புக்கு அரை மைல் இருக்கும்போதே மரம் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 31 வருஷம் நூல் மில்லில் மெயிண்டனன்ஸ் பிட்டராக இருந்தவன் நான். என் காது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

"மாமா, போன வாரம் பட்டறையில குடுத்து சைலன்சர்ல நாலு ஓட்டை போட்டேன். உள்ள ஒரு வலை இருந்துச்சு, அதையும் பிடுங்கிப் போட்டாச்சு. இப்ப வெண்ணெயை அறுக்கிற மாதிரி அறுக்குது" என்றான் மருமகன், பெருமையாக. யாரோ செல்போனில் வீடியோ காட்டினார்களாம். வெள்ளைக்காரன் ஒருத்தன் டிரில் வைத்து ஓட்டை போடுகிறான், மரம் சரசரவென்று விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் இப்போது ஒவ்வொருவராகப் பட்டறைக்குப் போகிறார்கள்.

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். என் மருமகன் படித்தால் படிக்கட்டும்.

முதலில் அந்த வலையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மெஷின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த ஆயிலில் ஒரு பங்கு எரியாமல் புகையோடு வெளியே வந்து சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையில் கரியாகப் படியும். மட்டமான ஆயிலாக இருந்தாலோ, கண் மதிப்பில் கூடுதலாக ஊற்றினாலோ சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். புகை வெளியே போக வழியில்லாவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும், இழுக்காது. மருமகன் மெஷினுக்கு நடந்தது அதுதான். வலையைக் கழற்றி பெட்ரோலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டியிருந்தால் போன பவர் திரும்பியிருக்கும். பத்து நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு வலையைத் தூர எறிந்து, ஓட்டையும் போட்டு, "ஓட்டையால் பவர் வந்தது" என்கிறான். மூக்கடைப்புக்கு மூக்கையே அறுத்துவிட்டு, மூச்சு நன்றாக வருகிறது என்று சொல்வது போல இருக்கிறது.

என்னைப் போன்ற வயசுக்காரர்களுக்கு ஆர்எக்ஸ் 100 நினைவிருக்கும். 1985-ல் வந்து 1996 வரைக்கும் ஓடிய வண்டி. நம் ஊர்ப் பையன்கள் அதன் சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவிவிட்டு, தென்காசி ரோட்டில் பறப்பார்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலக் காதுக்குத் தோன்றும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பது மாசக் கடைசியில்தான் தெரியும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது வெறும் சத்தத்தை அடக்குகிற தகர டப்பா அல்ல, எஞ்சினில் ஒரு பாகம். புகை போகிற குழாயின் நீளமும் வயிறும் சரியாக இருந்தால், எரியாமல் வெளியே ஓடுகிற பெட்ரோல் காற்றை அது திருப்பி சிலிண்டருக்குள் தள்ளும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டவர் 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் எம்செட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் அந்த வித்தையோடு தப்பி ஓடி ஜப்பானில் சுசுகியிடம் சேர்ந்தார். ஒரு சைலன்சர் வித்தைக்கு நாடு விட்டு நாடு ஓடியிருக்கிறார்கள். நம் ஆள் டிரில்லிங் மெஷினை வைத்து இரண்டே நிமிஷத்தில் அதைத் திருத்திவிடுகிறார்!

நியாயமாகவும் பேச வேண்டும். மரம் அறுக்கிற மெஷினில் சைலன்சர் பைக்கில் இருப்பது போல நீளமானதல்ல, சின்ன டப்பா. புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் சத்தத்துக்காகவும் சில மெஷின்களில் வாயைச் சிறிதாகவே வைத்திருக்கிறார்கள். வாயைக் கணக்காகப் பெரிதாக்கி, கார்புரேட்டரையும் அதற்கேற்பத் திருத்தினால் கொஞ்சம் பவர் கூடும், உண்மைதான். மரம் வெட்டுவதே தொழிலாக உள்ள அமெரிக்காக்காரர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த வீடியோவில் அந்த ஆள் காதில் என்ன மாட்டியிருந்தான், கார்புரேட்டரை எத்தனை தடவை திருகினான், வலையைத் திரும்ப மாட்டினானா என்பதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை. ஓட்டை போட்டது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

கார்புரேட்டரைத் திருத்தாவிட்டால் என்ன ஆகும்? புகை வேகமாக வெளியே போனால் காற்று கூடுதலாக உள்ளே வரும். பெட்ரோல் பழைய அளவுதான் வரும். இந்த எஞ்சினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலில் கலந்து வருவதுதான் பிஸ்டனுக்குத் தடவப்படும் ஆயில். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது. சூடு ஏறும். காய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் உரசிக் கோடு விழும், ஒரு நாள் அப்படியே பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போவதற்கு முன்னால் இப்படிப்பட்ட எஞ்சின் கீச்சென்று அதிக வேகத்தில் ஓடும். பார்ப்பவன் "ஆஹா, என்ன ஸ்பீடு" என்பான். அணையப் போகிற விளக்குதான் அது. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற பல மெஷின்களில் அந்தத் திருகை ஓரளவுக்கு மேல் திருப்ப முடியாதபடி தொப்பி போட்டிருப்பார்கள். ஆக, ஓட்டை போட்டவர் நினைத்தாலும் சரிசெய்ய முடியாது.

அந்த வலை எதற்கு இருந்தது என்று மருமகனிடம் கேட்டேன். "தூசி போகாம இருக்க" என்றான். புகை வெளியே வருகிற வாயில் தூசி எப்படியப்பா உள்ளே போகும்? அது தீப்பொறி வலை. சிவந்த கரித்துகள் வெளியே பறக்காமல் தடுப்பது. அமெரிக்கக் காட்டுப் பகுதிகளில் அது இல்லாமல் எஞ்சினை இயக்கினால் குற்றம். நம் செண்பகத்தோப்பு எங்கே இருக்கிறது? மலை அடிவாரத்தில். மாசி, பங்குனியில் தோப்பு முழுக்கக் காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கும். வேலி தாண்டினால் காட்டுப் புல். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கருகிப் போனார்களே, அதற்குக் காரணம் இந்த மெஷின் அல்ல. ஆனால் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதை அன்று பார்த்தோம். 1988-லிருந்து சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம், 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அரசாங்கம் பலகை வைத்திருக்கிற மலை அது. அந்த அணிலுக்கு வேலி தெரியாது. மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் கிளை வழியாக வந்து போகும். ஆயிரம் மைல் தள்ளி எவனோ காட்டிய வீடியோவுக்காக நம் மலைக்கு நாம் பொறி வைப்பதா?

இனி என் சொந்த வருத்தத்துக்கு வருகிறேன்.

நான் அங்கே நின்றபோது மரம் அறுத்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். தினக்கூலி. மருமகன் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டான். மெஷினை நிறுத்தியிருந்த நேரம் அது. பையன் திரும்பவில்லை. "இவன் எப்பவுமே செவிடு மாமா" என்று மருமகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் நாங்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியவர்களுக்கும் இது தெரியும். காதுக்குப் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம், மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? அந்தப் பஞ்சு ஒன்றுக்கும் உதவாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஐம்பது வயசில் முதலில் போனது மெல்லிய சத்தங்கள். பேத்தி பேசினால் குரல் கேட்கும், வார்த்தை புரியாது. ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும். வெளியே வண்டு எதுவும் கிடையாது. டாக்டர் சொன்னார், உள்காதில் இருக்கும் மயிர் போன்ற செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது என்று.

கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம். மரம் அறுக்கிற மெஷின் சைலன்சர் ஒழுங்காக இருக்கும்போதே பிடித்திருப்பவர் காதருகே 100 முதல் 110 வரை போகும். 109-ல் இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. ஓட்டை போட்டு இன்னும் ஆறு கூட்டினால் அரை நிமிஷம்கூடக் கிடையாது. அந்தப் பையன் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அதைப் பிடித்திருக்கிறான்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தில், சத்தத்தால் காது கேளாமல் போவதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். மில்காரனுக்குக் காகிதத்திலாவது அது இருந்தது. தோப்பு தொழிற்சாலை இல்லையே, இந்தப் பையனுக்கு அந்தக் காகிதமும் இல்லை. பைக் சைலன்சரைத் திருத்திச் சத்தம் போட்டுக்கொண்டு ரோட்டில் போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. தோப்புக்குள் எவனும் மீட்டர் பிடிக்க வரமாட்டான். ஓட்டை போடுவது முதலாளி, பெருமை முதலாளிக்கு, மிச்சமாகிற அரை மணி நேரமும் முதலாளிக்கு. காது மட்டும் கூலிக்காரனுடையது. இதற்குப் பெயர் பவர் என்றால் எனக்கு அந்தப் பவர் வேண்டாம்.

அன்று நான் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அறுத்த இடத்தில் விழுந்து கிடந்ததைக் கையில் எடுத்துக் காட்டினேன். மாவு மாதிரி தூள். செயினில் பல் கூராக இருந்தால் சீவல் சீவலாக விழ வேண்டும். தூள் விழுந்தால் பல் மொட்டை என்று அர்த்தம். தென்னைமரத்தில் மண்ணும் நாரும் கூடுதல், செயின் சீக்கிரம் மழுங்கும். அந்தச் செயினுக்குரிய 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் மெஷின் வாங்கியபோதே கொடுத்தது, பிரிக்காமல் டப்பாவில் கிடந்தது. மரக்கட்டையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லுக்கும் முப்பது டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியாக, ஒரே அளவாக மூன்று இழுப்பு இழுத்தேன். ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினேன், அதில் ஒரு கைப்பிடி மரத்தூள். இருபது நிமிஷம் ஆனது. பையன் அடுத்த துண்டை அறுத்தான். மெஷினை அழுத்தவே இல்லை, அதுவாகவே இறங்கியது. சீவல் பறந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை.

தோப்பு வைத்திருக்கிற அண்ணாச்சிமார்களே, உங்கள் பையன்கள் சைலன்சரோடு பட்டறைக்குக் கிளம்பினால் வாசலில் நிறுத்துங்கள். முதலில் அரத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏர் பில்டரைத் தட்டச் சொல்லுங்கள். வலையைக் கழுவி மாட்டச் சொல்லுங்கள். ஆயிலைக் கண்ணால் அளக்காமல் கம்பெனி போட்ட அளவுக்கு ஊற்றச் சொல்லுங்கள். அறுக்கிற ஆளுக்குக் காதை முழுக்க மூடுகிற கவசம் வாங்கிக் கொடுங்கள். அது ஒரு நாள் கூலியைவிடப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது அந்தப் பையனிடம், "தம்பி, ராத்திரி காதுக்குள்ள வண்டு கத்துதா?" என்று கேட்டேன். முதல் தடவை அவனுக்குக் கேட்கவில்லை. கிட்டே போய் மறுபடி கேட்டேன். "ஆமா தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

மருமகன் புது சைலன்சர் வாங்கி மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் நானே போய்ப் பார்ப்பேன்.