வழி காட்டியவரே வழியை மறித்தனர்

அமெரிக்க நாட்டில் சமத்துவம் சட்டத்திலே இருக்கிறது, இனி வேண்டுவது பொறுமை ஒன்றே என்று உபதேசம் செய்வோர் உளர். சட்டத்தில் இருக்கிறது என்பது மெய். 1870ஆம் ஆண்டு தொட்டே இருக்கிறது. இனத்தின் பேராலோ நிறத்தின் பேராலோ எந்தப் பிரசையின் வாக்குரிமையும் மறுக்கப்படலாகாது என அந்நாட்டு அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் ஐயத்துக்கு இடமின்றி விதித்தது. அவ்விதியை எவரும் நீக்கவில்லை. நீக்க வேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்படவில்லை. ஏட்டுச் சுரைக்காயை யார் களவாடுவார்?

நீக்காமலே அழித்த விதத்துக்கு அலபாமா மாநிலமே சான்று. 1901இல் அம்மாநிலத்தார் கூடிப் புதிய அரசியலமைப்பொன்றை வகுத்தனர். அம்மாநாட்டின் தலைவர் ஜோன் நொக்ஸ் தமது நோக்கத்தை மறைத்தாரில்லை. மத்திய அரசியலமைப்பின் எல்லைக்குள் நின்றவாறே வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவது என்று தொடக்க உரையிலேயே கூறினார். அவ்வாறே 'நிறம்' என்ற சொல்லைத் தொடாமலே விதிகள் வகுக்கப்பட்டன. 1903 பிறக்குமுன் வருபவர் போர்வீரராகவோ போர்வீரரின் வழித்தோன்றலாகவோ 'நன்னடத்தை' உடையவராகவோ இருந்தால் ஆயுள் முழுவதும் வாக்காளர். பிந்தி வருபவர்க்கோ எழுத்தறிவு, சொத்து என்று தடைமேல் தடை. நன்னடத்தையை அளந்து சொல்பவர் வெள்ளைப் பதிவதிகாரி. அவர் கையிலிருந்த அளவுகோல் எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ!

ஜக்சன் ஜைல்ஸ் என்ற கறுப்பினத்தவர் மொன்ற்கொமெரி நகரில் வாழ்ந்தவர். 1871 முதல் 1901 வரை வாக்களித்து வந்தவர். திடீரென்று அவர் தகுதியற்றவரானார். தம்மையும் தம்மையொத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரையும் இடாப்பில் பதிய வேண்டுமென்று அவர் வழக்குத் தொடுத்தார். மேடைகளிலே பொறுமையைப் போதித்த புக்கர் வாஷிங்ரன் இவ்வழக்குக்கு மறைவாகப் பணம் உதவினார். போதித்தவருக்கே அப்பொறுமையில் முழு நம்பிக்கை இருக்கவில்லை போலும்!

1903 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். பதிவு முறை முழுவதுமே மோசடி என்று நீர் கூறுகின்றீர். அப்படியாயின் அந்த மோசடி இடாப்பிலேயே உமது பெயரையும் சேர்க்குமாறு நாம் எங்ஙனம் பணிப்பது என்று கேட்டார் அவர். பணித்தாலும் அதனை நிறைவேற்றுவிக்கும் வலு நீதிமன்றத்துக்கு இல்லை. இத்தகைய அரசியல் அநீதிக்குப் பரிகாரம் அம்மாநில மக்களிடமோ மத்திய அரசின் சட்டமன்றத்திடமோதான் தேடப்படல் வேண்டும் என்றும் தீர்த்தார். அந்நாளில் அம்மத்திய சட்டமன்றத்தில் அலபாமாவின் செனற்றர்களுள் ஒருவராக வீற்றிருந்தவர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்படையின் தளபதி எட்மண்ட் பெற்றஸ்!

சட்டமன்றத்தை அசைக்க அறுபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அதே அலபாமாவின் செல்மா நகரம் அடங்கிய மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு இருவரளவே 1965 தொடக்கத்தில் இடாப்பில் இருந்தனர். மார்ச் 7ஆம் நாள் அறுநூறு பேரளவில் பாலமொன்றைக் கடந்து நடந்தனர். பொலீசார் குண்டாந்தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அவர்களைத் தாக்கினர். இருபத்தைந்து வயதான ஜோன் லூயிஸின் மண்டை உடைந்தது. அந்தப் பாலத்தின் பெயர் எட்மண்ட் பெற்றஸ் பாலம்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் உயிர்நாடி ஐந்தாம் பிரிவு. வாக்குரிமையைப் பறித்த வரலாறுடைய மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றுவதாயினும் மத்திய அரசின் அல்லது வாஷிங்ரன் நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெறவேண்டும். பறிகொடுத்தவன் வழக்காடிக் களைத்த காலம் போய், பறிக்க நினைப்பவன் தன் குற்றமின்மையை நிரூபிக்கும் காலம் வந்தது. மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழு பேரைக்கூட எட்டாதிருந்த கறுப்பினப் பதிவு 1967இல் ஏறக்குறைய அறுபதாயிற்று. இரண்டே ஆண்டில் அம்மக்கள் எழுத்தறிவு பெற்றுவிட்டார்களா? இல்லை, அதிகாரி வழிவிட்டார்.

2006இல் பிரதிநிதிகள் சபை 390க்கு 33 என்றும், செனற் சபை 98க்குப் பூச்சியம் என்றும் வாக்களித்து இவ்விதியை மேலும் இருபத்தைந்து ஆண்டுக்கு நீடித்தன. ஹோம்ஸ் எவரிடம் போகச் சொன்னாரோ அவரே பரிகாரம் அளித்துவிட்டார்.

ஆயினும் 2013 யூன் 25இல் அதே உச்ச நீதிமன்றம், அதே அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், இவ்விதி எம்மாநிலங்களுக்குப் பொருந்தும் என்று வரையறுத்த பிரிவு செல்லாது என்றது. கணக்குகள் பழையன, காலம் மாறிவிட்டது என்றார் பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ். கணக்குகள் பழையன என்பது உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணக்குப் போதுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு எவருடையது என்பதன்றோ கேள்வி! 1903இல் இது சட்டமன்றத்தின் வேலை என்று கையை விரித்தவர்கள், சட்டமன்றம் அவ்வேலையைச் செய்தபின், செய்தது பிழை என்றார்கள். மழையில் நனையவில்லையே என்று குடையை எறிவதற்கு இதனை ஒப்பிட்டு மறுதீர்ப்பு எழுதினார் றூத் கின்ஸ்பேக் அம்மையார். ஐந்தாம் பிரிவை நீதிமன்றம் தொடவில்லை. அது இன்னும் ஏட்டில் இருக்கிறது. பொருந்துவதற்குத்தான் மாநிலம் இல்லை.

தீர்ப்பு வெளியான அன்றே, சில மணி நேரத்துக்குள், ரெக்சாஸ் மாநிலத்தின் சட்டமா அதிபர் தமது மாநிலத்தின் வாக்காளர் அடையாளச் சட்டம் உடனே நடைமுறைக்கு வரும் என அறிவித்தார். முந்திய ஆண்டில் ஐந்தாம் பிரிவின் கீழ் தடுத்து நிறுத்தப்பட்டிருந்த சட்டம் அது. கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வாக்களிக்கலாம் என்றது அச்சட்டம். அம்மாநிலத்தின் சொந்தப் பல்கலைக்கழகம் வழங்கிய மாணவர் அட்டையைக் காட்டினால் வாக்கில்லை என்றது.