ஜாம் ஆன இன்ஜினும் ஜாம் ஆன சிந்தனையும்

தாத்தா ஓட்டிய புல்லட், அப்பா ஆசையாக வாங்கிய ஜாவா... கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளில் இவை சாக்கு போர்த்தி மூலையில் நிற்கின்றன. ஒருநாள் பேரன் சாக்கை விலக்கிக் கிக்கரை மிதிக்கிறான். அசையவில்லை. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். ஒரே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "இன்ஜின் ஜாமுங்க தம்பி. போர் போட்டு பிஸ்டன் மாத்திரலாம்."

எதைப் பார்த்து இந்தத் தீர்ப்பு? எதையும் பார்க்காமல்தான்!

வயிற்று வலி என்று வந்தவனை நாடிகூடப் பார்க்காமல் கத்தி வைக்கும் வைத்தியரை ஊர் சும்மா விடுமா? வண்டி விஷயத்தில் மட்டும் அதுவே வழக்கமாகிவிட்டது.

கிக்கர் இறங்காவிட்டால் இன்ஜின்தான் குற்றவாளி என்று யார் சொன்னது? கிக்கரின் பல்சக்கரமே சிக்கியிருக்கலாம். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் போதும். பிஸ்டன் ஏறி இறங்கினால் இன்ஜின் நலம், கோளாறு கிக்கரில். அசையாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் கசிந்து பெட்ரோலோ, மழைத் தண்ணீரோ சிலிண்டருக்குள் தேங்கியிருக்கலாம். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிளக் துளை வழியே அது வெளியேறினால் 'ஜாம்' அங்கேயே தீர்ந்தது!

அதுவும் இல்லையா? அப்போதுதான் முக்கியமான கேள்வி. வண்டி ஓடும்போது இறுகியதா, நின்றபோது இறுகியதா?

நின்றபோது என்றால் பெரும்பாலும் துரு. ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக் துளையில் டீசல் ஊற்றிச் சில நாள் ஊற விட்டு, பின்சக்கரத்தை ஆட்டினால் பல நேரம் விட்டுக்கொடுக்கும். பிறகு சிலிண்டரைக் கழற்றி அளந்து பார்த்துத்தான் போரா, இல்லையா என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஏறி மிதிப்பதும், பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதும் வைத்தியம் அல்ல, கொலை.

ஓடும்போது இறுகியிருந்தால் கதை வேறு. அலுமினிய பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய 2 மடங்கு விரியும். பழைய ஜாவாவில் ஆயில் பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போக வேண்டும். கலக்க மறந்தாலோ, ஜெட் அடைத்தாலோ, எங்காவது காற்று ஒழுகினாலோ பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால்? அதுவும் அதே வழியில்தான் போகும்.

போர் போடுவது என்றால் இரும்பைச் சுரண்டி எடுப்பது. எடுத்தது திரும்பாது. ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் பிறகு ஸ்லீவ் போட வேண்டும். மைசூர் ஜாவா, எஸ்டி தயாரிப்பு 1996-ல் நின்றுபோனது. 2018-ல் ஜாவா என்ற பெயர் திரும்பி வந்தாலும் அது வேறு இன்ஜின். தேவையின்றிச் சுரண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு பழைய வண்டியின் ஆயுள் குறைகிறது.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பிஸ்டனுக்குப் பில் கேட்டால் கொடுப்பவர், "ரெண்டு நாள் பார்த்தேனுங்க, கூலி கொடுங்க" என்றால் முறைக்கிறார். பார்ப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யார்தான் பார்ப்பார்கள்? இன்னொரு பக்கம், மெக்கானிக்கல் படிக்கும் மாணவன் நான்கு ஸ்ட்ரோக்கையும் படம் போட்டு மதிப்பெண் வாங்குகிறான். ஆனால் ஒரு பிளக்கைக் கழற்றியதில்லை.

இத்தனைக்கும் இது ஜி.டி.நாயுடுவின் ஊர்! கலங்கலில் 1893-ல் பிறந்த அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். ஓட்டியதோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தார், மறுபடி பூட்டினார். ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பிரித்தார். இன்றோ ஏன் நின்றது என்று கேட்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

துருப்பிடித்த இன்ஜினையாவது டீசல் ஊற்றி விடுவிக்கலாம். துருப்பிடித்த சிந்தனைக்கு எதை ஊற்றுவது?