பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு!

(இறுதியாண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)

மலர்க் குழு நண்பன் வந்து, "மாப்ள, ரெண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை குடு" என்றான். என்ன தலைப்பு என்று கேட்டேன். "தன்னம்பிக்கை, மழைநீர் சேகரிப்பு ரெண்டும் போயிருச்சு. மிச்சம் எது வேணாலும் எழுது" என்றான். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று, மோட்டாருக்குக் காயில் கட்டுவது. இன்னொன்று, துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம். முதலாவதைப் பற்றி எழுதினால் நம் துறைத் தலைவர் ஒருவர்தான் படிப்பார். ஆகவே இரண்டாவதை எடுத்துக் கொள்கிறேன். ஆனாலும் நண்பர்களே, நடுவில் மோட்டாரும் வரும். பொறுத்தருள வேண்டும்!

இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய சுடும் விளையாட்டுகளை எடுத்துத் தூசி தட்டி, படத்தைத் துல்லியமாக்கி, 'ரீமாஸ்டர்' என்று பெயர் வைத்து மறுபடி விற்கிறார்கள். 2024-ல் 'கில்லி'யை 4கே தரத்தில் மறுபடி தியேட்டரில் ஓட்டினார்களே, அந்த மாதிரி. ஹாஸ்டலில் இந்தப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி. "பழசுதான்டா கெத்து" என்று ஒரு கட்சி. "பழசு கட்டம் கட்டமா இருக்கு, கண்ணு வலிக்குது" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பாதிப் பேர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன், எனக்கு இருபத்து நாலு வயது மூத்தவர், பொள்ளாச்சியில் 2004 முதல் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டு சிஸ்டம். பகலில் ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், சாயங்காலம் ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆட வருகிற பையன்கள். செல்போனிலேயே இன்டர்நெட் வந்த பிறகு கடையை மூடிவிட்டார். ஏழு சிஸ்டம் காயலான் கடைக்குப் போனது. ஒரு பென்டியம் 4 மட்டும் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. போன தீபாவளிக்கு இறக்கினேன். வீங்கிப் போயிருந்த நாலு கெப்பாசிட்டரை மாற்றி, பவர் சப்ளையைச் சுத்தம் பண்ணினேன். ஓடியது! டெஸ்க்டாப்பில் 'க்வேக்', 'டூம்', 'சிஎஸ்' என்று ஃபோல்டர் ஃபோல்டராக அப்படியே இருந்தன. (எல்லாம் காப்பி அடித்தவைதான். அந்தக் காலத்தில் எந்த சென்டரிலும் வேறு மாதிரி இருந்ததாகத் தெரியவில்லை.) என் ரூம்மேட்டின் கேமிங் லேப்டாப்பில் அதே ஆட்டங்களின் ரீமாஸ்டர் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மூன்று நாள் ஆடினேன். அந்த செமஸ்டரில் வந்த அரியருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மோட்டார். சூலூரில் என் தாய்மாமா ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். லீவு விட்டால் எனக்கு அங்கேதான் வேலை. கிணற்று மோட்டார், தறிப்பட்டறை மோட்டார் என்று கருகிப் போய் வரும். முதல் நாள் ஆர்வக் கோளாறில் உளியை எடுத்துக் காயிலை வெட்டப் போனேன். "எண்ணிப்போட்டு அப்புறம் அறுக்கோணும் மாப்ள!" என்று ஒரு சத்தம் போட்டார். ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதின பிறகுதான் வெட்டு. சுற்று குறைந்தால் மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கும், சூடாகும், மறுபடி எரியும். புது பேரிங் போடலாம், புது வார்னிஷ் ஊற்றலாம், வெளியே பச்சைப் பெயிண்ட் பளபளவென்று அடிக்கலாம். சுற்று மட்டும் பழைய கணக்குத்தான். பெயிண்டைப் பார்த்துக் காசு கொடுக்கிற விவசாயி யாரும் இல்லை. தண்ணி ஏறுதா என்றுதான் பார்ப்பார்.

ரீமாஸ்டர் பண்ணுவதும் ரீவைண்டிங்தான் என்பது என் கட்சி. அந்த ஆட்டத்தின் சுற்றுக் கணக்கு எது என்று முதலில் எண்ணித் தெரிந்து கொண்டவன் பிழைத்தான். பெயிண்டை மட்டும் நம்பினவன் மாட்டினான்.

'டூம்' வந்தது 1993 டிசம்பர் 10-ம் தேதி. அந்த நாளைய 386, 486 மெஷினில் ஓடியது. திரையில் 320-க்கு 200 புள்ளிகள்தான். ஆட்டத்தின் உள்கணக்கு விநாடிக்கு 35 தடவை ஓடும். மேலே, கீழே பார்க்கவே முடியாது. எதிரி மாடியில் நின்றாலும் நேராகச் சுட்டால் போதும், குண்டு தானே மேலே போய்விடும். நம் ஆளோ, ஆள் மாதிரி நடக்காமல் சைக்கிளில் இறக்கத்தில் போகிற மாதிரி வழுக்கிக் கொண்டு ஓடுவார். இதையெல்லாம் குறை என்று நினைத்து ஒருவன் 'திருத்தி' விட்டால் டூம் செத்தது. ஏனென்றால் அந்த அறைகளும் அசுரன்களும் அந்த வேகத்துக்கு அளந்து வைத்தவை. 2024 ஆகஸ்டில் 'டூம்', 'டூம் 2' இரண்டையும் சேர்த்து ஒரே ஆட்டமாகப் புதுப்பித்து விட்டார்கள். வேகத்தில் கை வைக்கவில்லை. திரை துல்லியமாயிற்று, புது இசையைப் போட்டுக் கொள்ளவும் வழி, 'லெகசி ஆஃப் ரஸ்ட்' என்று புதிதாக ஒரு பாகமும் சேர்ந்தது. நல்ல ரீவைண்டிங்!

ஆனால் அதே டூமுக்கு 2019-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூலையில் வந்த மறுபதிப்பு, ஆட்டத்தைத் திறந்தவுடன் கம்பெனியின் இணையக் கணக்கில் லாகின் பண்ணு என்று கேட்டது. தனியாளாக ஆடுகிற 1993-ம் வருட ஆட்டத்துக்கு லாகின் எதற்குங்க? உலகமே சிரித்தது. பிறகு அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். நம் ஹாஸ்டல் வைஃபை எத்தனை மணிக்கு உயிரோடு இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

'க்வேக்' கதை வேறு. 1996 ஜூனில் வந்தது. உண்மையான முப்பரிமாணம், மேலேயும் கீழேயும் பார்க்கலாம். அதன் ரீமாஸ்டரை 2021 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் செய்து கொடுத்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இலவசம். வெளிச்சமும் நிழலும் புதிது, அசுரன்களின் உருவமும் கொஞ்சம் திருந்தியது. பிடிக்கவில்லையா, மெனுவில் போய் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் பழைய சொரசொரப்போடு ஆடலாம். ராக்கெட்டைக் காலடியில் சுட்டு எகிறிக் குதிக்கிற அந்த வித்தை இருக்கிறதே, பென்டியம் 4-ல் பழகின கை லேப்டாப்பிலும் தப்பவில்லை. சுற்றை எண்ணியிருக்கிறார்கள்!

அன்று அண்ணனும் பக்கத்தில் இருந்தார். லேப்டாப்பில் ஆட்டம் தொடங்கியதும், "இது என்றா சத்தம்?" என்றார். ஆட்டத்தின் பின்னணி இசை அது. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் போட்டது. பழைய க்வேக்கில் இசை, பாட்டு சிடி மாதிரி அந்த சிடியிலேயே தனி டிராக்காக இருக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்து வைத்தால் துப்பாக்கிச் சத்தமும் உறுமலும் வரும், இசை வராது. அண்ணன் எத்தனையோ இரவு கடை சாத்தின பிறகு அந்த ஆட்டத்தை ஆடியவர். இருபது வருடமாக அதை ஊமை ஆட்டம் என்றே நினைத்திருக்கிறார். ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக் கொண்டு, ஒரு எதிரியையும் சுடாமல், முதல் மண்டபத்திலேயே சும்மா நின்று கேட்டுக் கொண்டிருந்தார். நான் டீ போட்டு எடுத்து வந்த போதும் அங்கேயேதான் நின்றார். பழசுதான் கெத்து என்று அதுவரை பேசிக் கொண்டிருந்த நான் அன்றைக்கு வாயை மூடிக் கொண்டேன். நாம் 'ஒரிஜினல்' என்று கட்டிக் கொண்டு அழுவது சில சமயம் பாதி ஒரிஜினல்தான்.

சரி, மாட்டினவர்களைப் பார்ப்போம். 2011-ல் 'ஹேலோ' முதல் பாகத்துக்குப் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதுப் படம். அருமையான யோசனை. ஆனால் தட்டித் தட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. பழையதில் இருட்டும் மூடுபனியுமாக, அடுத்த அடி வைக்கவே பயமாக இருந்த சதுப்புநிலம், புதியதில் பூங்கா மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அழகுதான், பயம் போயிற்று. இருட்டும் ஒரு சுற்று என்று யாரும் எண்ணவில்லை.

2021 நவம்பரில் வந்த ஜி.டி.ஏ. மூன்று ஆட்டத் தொகுப்பை மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன். (அது சுத்தமான சுடும் விளையாட்டு இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள். வைஸ் சிட்டியில் சுடாமல் யார் ஆடினீர்கள்?) 'சான் ஆண்ட்ரியாஸி'ல் ஒரு டோனட் கடைக்கு மேலே பெரிய நட்டு ஒன்று விளம்பரமாக நிற்கும். கடை பெயரிலேயே 'நட்' என்று ஒரு சிலேடை. பழையதில் அது ஆறு முனை நட்டு. புதுப்பதிப்பில் எல்லா உருவத்தையும் மழமழப்பாக்குகிறேன் என்று அதையும் வட்டமாக்கி விட்டார்கள்! வட்ட நட்டை எந்த ஸ்பானரால் பிடிப்பது? நம் ஒர்க்‌ஷாப்பில் முதல் வருடப் பையன்கூட அப்படி ஒன்றைப் பண்ணிக் கொண்டு வந்தால் இன்ஸ்ட்ரக்டர் அய்யா விடுவாரா? இதைவிட மோசம், புதியது வருகிற சமயத்தில் பழைய மூன்றையும் விற்பனையிலிருந்தே எடுத்து விட்டார்கள். திட்டு தாங்காமல், வெளியான சில நாளில் ராக்ஸ்டார் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பழையவற்றையும் மறுபடி விற்பதாக அறிவித்தது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். மெருகு மோசமாக இருந்தால் ஆடாமல் விடலாம். பழையதைப் பிடுங்கிக் கொண்டால் என்ன செய்வது? 2023 நவம்பரில் 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டுத் திருத்தம் போட்டபோது, வால்வ் கம்பெனி முந்தின பதிப்பையும் எடுத்து ஆடிக் கொள்ள வழி வைத்தது. அதே வால்வ், அதே வருடம், இரண்டு மாதம் முன்னால் செப்டம்பர் 27-ல், 'சிஎஸ்:கோ' இருந்த இடத்திலேயே 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2'-ஐக் கொண்டு வந்து உட்கார வைத்தது. மேக் கம்ப்யூட்டர் வெளியே, 32 பிட் விண்டோஸ் வெளியே. எட்டு ஜிபி ராம் வேண்டும், டிஸ்கில் எண்பத்தைந்து ஜிபி இடம் வேண்டும். 1.6-க்கு என்ன வேண்டும் தெரியுமா? 500 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 96 எம்பி ராம்.

அது எங்கேயோ அமெரிக்காவில் நடந்த விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் கல்லூரி விழாவிலேயே நடந்தது. இந்த வருடத் தொழில்நுட்ப விழாவில் பேரவை லேன் கேமிங் போட்டி வைத்தது. ஆட்டம் சிஎஸ் 2, அவரவர் லேப்டாப் கொண்டு வர வேண்டும். ஆட்டம் இலவசம்தான், ஒப்புக் கொள்கிறேன். அதை ஓட்டுகிற லேப்டாப் இலவசமா? பெயர் கொடுத்தவை இரண்டே அணி. முதல் ஆட்டமே இறுதி ஆட்டம்! ஹாஸ்டலில் என்னைவிட நன்றாகச் சுடுகிற பையன் ஒருவன் இருக்கிறான், அந்தியூர்ப் பக்கம். அவனிடம் இருப்பது அவன் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. அதில் 1.6 ஜோராக ஓடும், சிஎஸ் 2 திறக்கவே திறக்காது. அவன் அன்றைக்கு முழுக்க வரவேற்புக் குழு பேட்ஜைக் குத்திக் கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்துக் கொண்டிருந்தான். பேரவை நண்பர்கள் வேண்டுமென்று செய்ததில்லை என்று தெரியும். புதியதுதான் கௌரவம் என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டூமின் சோர்ஸ் கோடை 1997 டிசம்பரிலும், க்வேக்குடையதை 1999 டிசம்பரிலும் ஐடி சாஃப்ட்வேர் கம்பெனியே பொதுவில் வெளியிட்டது. அதனால்தான் இன்றைக்கும் எந்த ஓட்டை மெஷினிலும் யாராவது ஒருவர் அதை ஓட வைத்து விடுகிறார். டூமின் எஞ்சினில் ஓடுகிற 'ஃப்ரீடூம்' என்று முழுக்க இலவசமான ஆட்டமும் இருக்கிறது, காப்பி அடிக்கிற பாவம்கூட வேண்டாம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் அந்த சி மொழிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். நான் எலெக்ட்ரிக்கல், எனக்கே கொஞ்சம் புரிந்தது. மூடி சீல் வைத்த மோட்டாரில் யாரும் காயில் கட்டப் பழக முடியாது.

அடுத்த வருடப் பேரவைக்கு என் கோரிக்கை சின்னது. சிஎஸ் 2 இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நம் லேப் சிஸ்டத்தில் 1.6-க்கும் ஒரு போட்டி வையுங்கள். ஒரே சுவிட்ச், பத்து கேபிள், முறையாக வாங்கின காப்பி, அவ்வளவுதான் செலவு. அந்த பென்டியம் 4-ஐ நானே பஸ்ஸில் தூக்கிக் கொண்டு வருகிறேன். நான் டிப்ளமோ முடித்துப் போயிருப்பேன், பரவாயில்லை, ஒரு நாள் லீவு போடலாம்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெளியாளுங்களும் பேர் குடுக்கலாமாடா?" என்று கேட்டார். விதிமுறை என்னவென்று பேரவைதான் சொல்ல வேண்டும்.