டர்போ தானாகச் சாவதில்லை

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போ கார் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், நாலா பக்கமிருந்தும் வரும் யோசனை ஒன்றேதான். "டர்போ போயிருக்கும். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், கொஞ்சம் பெரிய டர்போவாகவே போட்டுவிடுங்கள். நாலு போல்ட் வேலை. வண்டி புதுசு மாதிரி இழுக்கும்." இந்த யோசனையின் ஒவ்வொரு வரியும் தவறு. கேட்டவர் கையில் கடைசியில் மிஞ்சுவது புது டர்போவும் உடைந்த இன்ஜினும்தான்.

டர்போவுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஆயுள் என்று ஒரு கணக்கு கிடையாது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கார்களில் வரும் சிறிய டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு முனை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகையில் நிற்கிறது. இவ்வளவு வேகத்தில் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை, ஆயில் படலத்தில் மிதக்கிறது. நல்ல ஆயில் தடையில்லாமல் வந்தால் இன்ஜின் உள்ளவரை டர்போவும் இருக்கும். படலம் சில விநாடிகள் அறுந்தால் போதும், தண்டு பேரிங்கைக் கடித்துவிடும். ஆகவே செத்த டர்போ ஒவ்வொன்றும் கொல்லப்பட்ட டர்போ. கொன்றது எது என்று பார்க்காமல் இன்னொன்றை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

இதற்குச் சுபாருவை விடத் தெளிவான சாட்சி வேண்டாம். 2004 மாடலாக அமெரிக்காவில் இறங்கிய இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ: 2.5 லிட்டர், 300 குதிரைத்திறன். அதே குடும்பத்து இன்ஜின் லெகசி ஜிடியிலும் ஃபாரஸ்டர் எக்ஸ்டியிலும் வந்தது. இன்று அவையெல்லாம் மூன்றாவது, நான்காவது கைக்கு வந்துவிட்ட வண்டிகள். அந்தத் தலைமுறையில் டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் துளையுள்ள ஒரு பாஞ்சோ போல்ட் வழியாக வருகிறது. பல மாடல்களில் அந்தப் போல்டுக்குள் விரல் நுனியில் அடங்கிவிடும் கம்பிவலைச் சல்லடை ஒன்று இருக்கும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட முந்தைய சொந்தக்காரரின் பாவமெல்லாம் கறுப்புப் பிசினாக அந்த வலையில்தான் படிந்திருக்கும். ஆயில் குறைகிறது, டர்போ சாகிறது. மெக்கானிக் டர்போவைக் கழற்றுகிறார், பெரிய டர்போவை மாட்டுகிறார், சல்லடையைத் தொடுவதில்லை. புது டர்போ அதே அடைத்த குழாயில் ஆயில் கேட்டு நிற்கிறது. சிலர் சல்லடையையே பிடுங்கி எறிந்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். ஆயிலில் பிசின் இருக்கும்வரை தீராது.

அதைவிடப் பெரிய ஆபத்து கீழே இருக்கிறது. டர்போ பேரிங் கடித்தபோது உதிர்ந்த வெண்கலத் துகள்கள் ரிட்டர்ன் பைப் வழியாக நேரே சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், விழுகின்றன. அங்கிருந்து ஆயில் பம்ப்புக்குள் போகின்றன. ஆயில் ஃபில்டர் தடுக்கப் பார்க்கும்; ஆனால் குளிர்ந்த ஆயில், அடைத்த ஃபில்டர் என்றால் பைபாஸ் வால்வு திறந்துவிடும், துகள்கள் கிராங்க் பேரிங்வரை போய்ச் சேரும். மூன்று மாதம் கழித்து இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும்போது, "பெரிய டர்போவின் பாரம் தாங்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். பாரத்துக்கு முன்னால் குப்பை வேலையை முடித்திருக்கும். சம்ப்பை இறக்கிச் சுத்தம் செய்யாமல், ஆயில் உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் (இந்த இன்ஜினில் அந்தக் குழாய் வெடிப்பது தெரிந்த கதை), ஆயில் கூலரைக் கழுவாமல் டர்போ மாற்றுகிறவரை நான் மெக்கானிக் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டதா என்பதும் பல இடங்களில் சரியாகப் பார்க்கப்படுவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் நடப்பது இது: காற்று ஹோஸைக் கழற்றி, கம்ப்ரெசர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். ஆடுகிறது. "பாருங்க சார், ஷாஃப்ட் ப்ளே." நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம், மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஆயில் படலத்தில் மிதக்கும்படி அமைத்த பேரிங், இன்ஜின் நின்றிருக்கும்போது பக்கவாட்டில் சற்று ஆடத்தான் வேண்டும். ஆடாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பார்க்க வேண்டியது வேறு: தண்டு முன்னும் பின்னும் நகர்கிறதா, இதழ்கள் ஹவுசிங்கின் சுவரில் உரசிய தடம் இருக்கிறதா, இதழ் நுனி தின்னப்பட்டிருக்கிறதா. டயல் கேஜ் வைத்து அளக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் நல்ல டர்போவைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

நீலப் புகையும் அப்படித்தான். டர்போவின் ஆயில் சீல் ரப்பர் வளையம் அல்ல; பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையம். இரு பக்க அழுத்தமும் சரியாக இருந்தால்தான் அது ஆயிலை உள்ளே வைத்திருக்கும். டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்குத் திரும்புவது பம்ப்பால் அல்ல, தன் எடையால் மட்டுமே. ஓடித் தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே கசிந்து சம்ப்பில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வும் அடைத்திருந்தால் இன்னும் ஏறும். ஆயில் கீழே இறங்க வழியின்றி டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி வழிந்து புகையும். புகை டர்போவில் தெரிகிறது, நோய் ரிங்கில் இருக்கிறது. இங்கே பெரிய டர்போ போட்டால் சிலிண்டர் அழுத்தம் கூடும், கீழே கசியும் காற்றும் கூடும், புகையும் கூடும்.

இழுவை குறைந்ததற்குப் பல நேரம் காரணம் கிழிந்த ரப்பர்தான். சுபாருவில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டர்போ இன்லெட் ஹோஸ் வெடிக்கும். இந்தியாவில் 2004-இல் விற்பனைக்கு வந்து இன்றும் ரசிகர்கள் கொண்டாடும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில், அந்த 1.8 லிட்டர், 150 குதிரைத்திறன் இன்ஜினில், டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழியும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறி ஏறி இறங்கும், வண்டி சோம்பலாகும். புது வால்வின் விலையை டர்போவின் விலையோடு ஒப்பிடவே முடியாது. இன்டேக்கில் புகை ஏற்றிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று கண்ணுக்கே தெரியும்.

இனி, டர்போ நிஜமாகவே போய்விட்டது, காரணமும் சரிசெய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பெரியதைப் போடலாமா? இங்கேதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை வருகிறது: "பூஸ்டைக் கூட்ட வேண்டாம், அதே 1 பாரில் வைப்போம், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது." பூஸ்ட் கேஜ் காட்டுவது அழுத்தத்தை, உள்ளே போகும் காற்றின் நிறையை அது காட்டாது. பெரிய கம்ப்ரெசர் காற்றைக் குறைவாகச் சூடாக்கும், குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். பெரிய டர்பைன் புகையை எளிதாக வெளியே விடும், சிலிண்டர் இன்னும் நன்றாக நிரம்பும். ஆகவே அதே 1 பாரில், மேல் ஆர்பிஎம்மில், கூடுதல் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுக்கப் பழைய இன்ஜெக்டரும் பழைய ஃப்யூல் பம்ப்பும் திணறும். காற்றளவு சென்சாரே தன் எல்லையைத் தாண்டிப் போகலாம். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுக்கடங்காமல் வெடிக்கும் நாக்கிங் வரும். 2.5 லிட்டர் சுபாருவில் நாக்கிங் முதலில் கை வைப்பது பிஸ்டனின் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பில். தொழிற்சாலையில் வந்த வார்ப்புப் பிஸ்டன் அந்த அடியைத் தாங்காது. 4-ஆம் சிலிண்டர் போனது என்று இந்த வண்டிக்காரர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். ஆக்டேவியாவின் 1.8-இல் பிஸ்டன் பிழைத்தாலும் மெலிந்த கனெக்டிங் ராடு வளையும். கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க்கை ஏற்றிவிட்டால் சீக்கிரமே வளையும்.

"அமெரிக்காவில் 500 குதிரைத்திறன் எடுத்து ஓட்டுகிறார்களே" என்று கேட்பார்கள். ஓட்டுகிறார்கள். இன்ஜினைப் பிரித்து, ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ராடும் போட்டு, புது பேரிங், பெரிய இன்ஜெக்டர், பம்ப், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் மாற்றி, டைனோவில் ஏற்றி ஈசியூவை அளந்து டியூன் செய்து ஓட்டுகிறார்கள். அவர்கள் பட்டியலில் டர்போ ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இங்கே விலைக்கு வாங்குகிறோம்; அதிலும் பெயர் தெரியாத நகல் டர்போவை வாங்குகிறோம். ஒன்றரை லட்சம் சுற்றில் ஓடும் ரோட்டரைச் சரியாக பேலன்ஸ் செய்யாமல் பெட்டியில் போட்டு விற்கிறவரிடம் என்ன உத்தரவாதம் கேட்க முடியும்?

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் திறந்து பார்ப்பது பானெட்டைத்தான்.

வயதான வண்டியின் டர்போவை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செத்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த அதே அளவு டர்போவை, புது ஆயில் ஃபீட் பைப், புது காஸ்கெட்டுகளோடு போடுங்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குள் ஆயில் நிரப்பச் சொல்லுங்கள். பெரிய டர்போ வேண்டும் என்றால், அதற்கு முன் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டும் லீக்-டவுன் டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லீக்-டவுனில் ஒரு சிலிண்டர் 20 சதவீதக் கசிவு காட்டினால், கையில் இருக்கும் பணம் அந்த இன்ஜினுக்குப் போக வேண்டிய பணம். எண்களை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.