புது போன் எதற்கு? அதே காட்சியை மறுபடி எடுங்கள்!

குட்டீஸ்! லெகோ கட்டைகளை அடுக்கி வீடு, வண்டி, கோட்டை எல்லாம் கட்டியிருப்பீர்கள். அந்தப் பொம்மைகளை நடக்க வைத்துப் படம் எடுத்ததுண்டா? பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி துளி நகர்த்தி இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் வரிசையாக, வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நடப்பது போலத் தெரியும். இதற்கு 'ஸ்டாப் மோஷன்' என்று பெயர்.

எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இப்படி ஒரு படம் எடுத்துக் காட்டினான். போலீஸ்காரர் திருடனைத் துரத்தும் கதை. 90 போட்டோக்கள், 45 விநாடிகள். திருடன் ஓடவில்லை, தவளை போலத் தாவினான். பின்னால் இருந்த கட்டடமும் பூகம்பம் வந்தது போல ஆடியது. அவனுடைய அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பையனின் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா போன் பழசு தாத்தா. புது போன் இருந்தாத்தான் நல்லா வரும். இதை அழிச்சிடப் போறேன்" என்றான்.

அழிக்க வேண்டாம் என்றேன். போன் மேல் பழி போடுவதும் நியாயமில்லை என்றேன். லெகோ பிறந்த நாடு டென்மார்க். அங்கே 1973ஆம் ஆண்டிலேயே இரண்டு சிறுவர்கள் லெகோ கட்டைகளை வைத்து, நிலவுக்குப் போகும் கதையைப் படமாக்கினார்கள். அவர்களிடம் இருந்தது சூப்பர் 8 என்னும் பிலிம் கேமரா. எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று உடனே பார்க்க முடியாது. பிலிமைக் கழுவி வந்த பிறகுதான் தெரியும். உங்கள் வீட்டுப் பழைய போன் அதைவிடப் பல மடங்கு வசதியானது!

அப்படியானால் படம் ஏன் ஆடியது? அசையக் கூடாதவை எல்லாம் அசைந்ததுதான் காரணம். அவன் போனைக் கையில் பிடித்து எடுத்திருந்தான். போனைத் தடிமனான புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி, டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். கட்டைகள் நிற்கும் பலகையையும் மேசையோடு ஒட்ட வேண்டும். பட்டனைத் தொடும்போதுகூட போன் அசையும். பல போன்களில் இயர்போனில் உள்ள ஒலி பட்டனை அழுத்தினாலே போட்டோ எடுக்கும். அது நல்ல வழி.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் ஓரம் எடுத்தால், மேகம் வரும்போதெல்லாம் படம் இருண்டு இருண்டு வெளுக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். நீங்கள் குனிந்து நிமிரும்போது அதன் ஒளி பொம்மை மேல் விழும். பள்ளிக்கூடத்துச் சட்டையோடு உட்கார்ந்து எடுத்தவனுக்கு இது தெரியவில்லை, பாவம்.

இப்போது ஒரு கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். பொம்மைப் படம் எடுப்பவர்கள் பலர் ஒரே படத்தை இரண்டு முறை காட்டி, விநாடிக்கு 12 போட்டோக்களோடு முடித்துக்கொள்வார்கள். நம் பையனோ விநாடிக்கு இரண்டுதான் எடுத்திருக்கிறான்! அவனுடைய 90 போட்டோக்களைப் 12ஆல் வகுத்தால் ஏழரை விநாடி. "ஏழரையா!" என்று அவன் பாட்டி பதறிவிட்டார். எனக்கோ அதுவே போதும் என்று தோன்றியது. தாவுகிற 45 விநாடியைவிட, ஓடுகிற ஏழரை விநாடி எவ்வளவோ மேல்.

அந்த ஏழரை விநாடியிலும் திருடன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கிளம்பும்போது கொஞ்சமாக நகர்த்துங்கள், பிறகு கூடுதலாக, நிற்கப் போகும்போது மறுபடி கொஞ்சமாக. நீங்களே வாசலில் ஓடிப் பாருங்கள், உடம்பு அப்படித்தான் செய்யும். நின்ற பிறகு ஆறேழு போட்டோக்களுக்குத் தொடாமல் விடுங்கள். பிறகு தலையை மட்டும் திருப்புங்கள். 'போலீஸ் வருகிறதா என்று பார்க்கிறான்' என்பது வசனம் இல்லாமலே புரியும்.

புதுக் கதை தொடங்கலாமே என்று கேட்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். பழைய தவறுகளும் கூடவே வந்துவிடும். அதே திருடன், அதே தெரு, மூன்று முறை எடுங்கள். அப்போதுதான் எது மாறியது என்று கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்தில் நிக் பார்க் என்பவர் 1982இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய களிமண் பொம்மைப் படம் 1989இல்தான் முடிந்தது. 'எ கிராண்ட் டே அவுட்' என்று பெயர். அதில் பொம்மைகளின் மேல் அவருடைய விரல் ரேகைகூடத் தெரியும். அதனால் யாரும் அந்தப் படத்தைக் குறை சொல்வதில்லை. சின்னச் சின்னக் குறைகள் இருக்கட்டும், ஆட்டம்தான் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாதியில் "சாப்பிட வா, மேசையை எடு" என்று சொல்லாதீர்கள். ஒரு கட்டை நகர்ந்தாலும் காட்சி போச்சு. லெகோ விலை அதிகம் என்றால் சாதாரண பிளாஸ்டிக் கட்டைகளோ தீப்பெட்டிகளோ போதும்.

நம் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் அம்மாவின் போன் கிடைக்கும். போன வாரம் 40 போட்டோக்கள் எடுத்தான். கட்டடம் ஆடவில்லை. திருடன் மூன்று விநாடி ஒழுங்காக ஓடினான். நாலாவது விநாடிக்கு முன் பூனை மேசை மேல் ஏறிவிட்டது. இந்த ஞாயிறு அதை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுக்கப் போகிறானாம்.