பலகையில் இருந்தால் போதுமா?

ராஜபாளையம் கடைவீதியில் நண்பர் ஒருவருக்கு ஜவுளிக்கடை. பெயர்ப்பலகையில் தமிழ் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அரசு விதி அப்படி. உள்ளே போனால் பில் ஆங்கிலத்தில், சரக்குக் கணக்கு ஆங்கிலத்தில். கல்லாவில் இருக்கும் மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் வாடிக்கைக்காரருக்குச் செல்போனில் செய்தி அனுப்புகிறான். பேச்சு தமிழ், எழுத்து ஆங்கிலம்! அத்தா எழுதிய பழைய பற்றுவரவு நோட்டை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். "இதனால் வியாபாரத்தில் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்கிறார் நண்பர்.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு இரண்டு தூரதேசங்களின் கதையைச் சொல்கிறேன். ஒன்று அயர்லாந்து, இன்னொன்று சோமாலியா.

ஐரிஷ் மொழி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டு வரும் மொழி. அதற்கு இலக்கியம் உண்டு, துறவிகள் எழுதிய ஏடுகள் உண்டு. 1831இல் வெள்ளையராட்சி தேசியப் பள்ளிகளைத் தொடங்கியபோது பாடமெல்லாம் ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, பேசும் போதெல்லாம் அதில் கோடு கீறி, கோட்டை எண்ணி ஆசிரியர் அடித்தார். கொடுமை என்னவென்றால், கோடு கீறியவர்களில் பெற்றோரும் உண்டு! ஆங்கிலம் தெரிந்தால்தான் பிழைப்பு என்று அவர்கள் நம்பினார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். கப்பலேற ஆங்கிலம் தேவைப்பட்டது.

கத்தோலிக்க மக்களின் அரசியல் உரிமையை 1829இல் வென்றெடுத்த தலைவர் டேனியல் ஓ'கானல். ஐரிஷ் பேசி வளர்ந்தவர். அவரே, அந்த மொழி மறைவதைப் பெருமூச்சு விடாமல் பார்க்க முடியும் என்ற கருத்தைச் சொன்னார். சமுதாயத்தின் மானத்தைக் காத்த தலைவர், சமுதாயத்தின் நாவைக் கைவிட்டார்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1937 அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி ஆக்கியது. பள்ளியில் கட்டாயப் பாடம். சாலைப் பலகையில் மேலே ஐரிஷ், கீழே ஆங்கிலம். 2022 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம் பேர் "ஐரிஷ் தெரியும்" என்று எழுதினார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான். நண்பரின் கடைப்பலகை ஞாபகம் வருகிறதா?

இனி சோமாலியா. 1960இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டுக்குச் சட்டமான எழுத்தே இல்லை. ஆலிம்கள் அரபு எழுத்தில் எழுதினார்கள். உஸ்மானியா என்ற உள்நாட்டு எழுத்தும் இருந்தது. அரசு அலுவலகம் ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் நடந்தது. லத்தீன் எழுத்து என்ற பேச்சு எழுந்ததும் "லத்தீன் என்றால் லா தீன்", அதாவது மார்க்கமில்லாதது, என்று எதிர்ப்புக் கிளம்பியது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுபறி. 1972 அக்டோபரில் சியாத் பர்ரே லத்தீன் எழுத்தையே அறிவித்தார். 1974இல் மேல்நிலைப் பள்ளிகளை மூடி, மாணவர்களை ஒட்டகம் மேய்ப்பவர்களிடம் அனுப்பி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பர்ரேயைப் புகழ வரவில்லை. 1975இல் குடும்பச் சட்டத்தை எதிர்த்த ஆலிம்கள் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்ற ஆட்சி அது. தெற்கே மாய் பேசுகிறவர்களின் பேச்சுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே தரவில்லை.

1991இல் அரசு விழுந்தது. பள்ளி போயிற்று, அலுவலகம் போயிற்று. மொழி போனதா? இல்லை! நைரோபியின் ஈஸ்ட்லீ சந்தையில் சோமாலிய வியாபாரிகள் சோமாலியில்தான் விலை பேசுகிறார்கள். ஹவாலாப் பணமும் அந்த மொழியில்தான் நகர்கிறது. கவிதையை ஒலிநாடாவில் பதிந்து நாடு நாடாக அனுப்பிய மக்கள் அவர்கள். ஒரே மொழி இருந்தும் சண்டை நிற்கவில்லையே என்றால், உண்மைதான். மொழி சமாதானம் தராது. ஆனால் அரசு காக்காத மொழியைச் சந்தையும் அடுப்படியும் காத்தன.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். ராஜபாளையம் ராஜுக்கள் பல தலைமுறையாக வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா அந்த மக்களில் ஒருவர். எந்தச் சட்டம் சொல்லி அந்தத் தெலுங்கு பிழைத்திருக்கிறது?

நம் சமுதாயம் ஒன்றை ஏற்கெனவே தொலைத்துவிட்டது. அதுதான் அரபுத்தமிழ். ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தில் புள்ளிகள் சேர்த்து நம் முன்னோர் தமிழை எழுதினார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) பாமர மக்களும் மார்க்கச் சட்டம் அறிய அந்த எழுத்தில் நூல் எழுதினார். தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத பெண்கள், ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழ் படித்தார்கள். பிறகு தமிழெழுத்து எல்லோருக்கும் வந்தது, அரபுத்தமிழ் ஒதுங்கியது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சில இளைஞர்கள் சொல்வதையும் ஏற்கவில்லை. எழுத்து மாறியதால் சோமாலியர் தீனை விடவில்லை, நாமும் விடவில்லை. ஆனால் ஒரு எழுத்துப் போகும்போது அதில் எழுதியதை யாராவது பெயர்த்து வைக்க வேண்டாமா? நம் வீட்டுப் பரண்களில் எத்தனை நோட்டுகள் கரையானுக்குப் போயின! இப்போது தமிழெழுத்தும் நம் பிள்ளைகளின் கையைவிட்டுப் போனால், கடை நோட்டுக்கும் அதே கதிதான்.

வியாபாரப் பெருமக்களே, ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பூருக்கும் துபாய்க்கும் அது வேண்டும். பில்லில் சரக்கின் பெயரைத் தமிழிலும் அச்சிட என்ன செலவு? அதைச் செய்யும் கம்ப்யூட்டர் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மாலை மதரஸாவில் ஓதி முடித்த பிள்ளையைப் பத்து நிமிடம் தமிழ் வாசிக்கச் சொல்லலாம். ஜமாஅத் நோட்டீஸை அவனிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திக்குகிறானா என்று தெரிந்துவிடும்.

என் நன்னிமாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு அரபுத்தமிழ் நோட்டு இருந்தது. துஆ என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தோம். படிக்கத் தெரிந்த ஒரு முதிய ஆலிமிடம் போன ஆண்டு கொடுத்தேன். முதல் பக்கத்தில் துஆ. மற்றதெல்லாம் யார் யாருக்கு எத்தனை படி அரிசி கைமாற்றாகக் கொடுத்தார் என்ற கணக்கு. சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டோம். பாதி நோட்டுதான் முடிந்திருக்கிறது. ஆலிமுக்குக் கண் மங்கி வருகிறது.